"நீ ரொம்ப ரிஜிட்!" - இந்த ஒரு வார்த்தைக்குள்ள இத்தனை அர்த்தமா?

அப்ரைசல் முடிஞ்சு மெயில் வந்திருக்கும். பத்து வரி பாராட்டு. கடைசியில ஒரே ஒரு வரி: "கொஞ்சம் ரிஜிட்டா இருக்கீங்க, அதை மட்டும் மாத்திக்கங்க." அவ்வளவுதான். பத்து வரிப் பாராட்டும் மறந்துபோகும். அந்த ஒரு வார்த்தை மட்டும் ராத்திரி தூங்க விடாது. ஆபீஸ்லதான்னு இல்லை. "உன்கிட்ட பேசவே முடியாது, அவ்ளோ ரிஜிட் நீ"ன்னு காதலிக்கிறவங்களோ ரூம்மேட்டோ உங்ககிட்டயும் ஒருநாள் சொல்லியிருக்கலாம்.

உடனே என்ன பண்ணுவோம்? போனை எடுத்து அர்த்தம் தேடுவோம். விறைப்பான, வளையாத, கடுமையான, இறுகிய... வரிசையா நாலு சொல் வரும். நாலுமே திட்டு மாதிரிதான் இருக்கும்.

எனக்கும் அப்படி ஒரு மெயில் வந்தது. நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில இருக்கேன். சொந்த ஊர் எம்.ரெட்டியபட்டி. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரி பூமி. அன்னைக்கு ராத்திரி ஊருக்கு போன் போட்டப்போ அப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னேன்.

"ரிஜிட்டுன்னா என்ன தாயி?"

"வளைஞ்சு குடுக்காத ஆளுன்னு அர்த்தம்ப்பா."

"சரி. எதுக்கு நீ வளையலையாம்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. ஏன்னா, மெயில்ல அது இல்லை. அந்தக் கேள்வியோடதான் இந்த வார்த்தையை ஒரு சுத்து சுத்தி வந்தேன். நீங்களும் வாங்க.

வார்த்தை பிறந்த கதை

லத்தீன் மொழியில 'ரிகேரே'ன்னு ஒரு வினைச்சொல் இருக்கு. விறைத்திருத்தல்னு அர்த்தம். அதுல இருந்து வந்த 'ரிஜிடுஸ்'தான் ஆங்கிலத்துல 'ரிஜிட்' ஆச்சு. இந்தக் குடும்பத்துல இன்னும் சில பேரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். டாக்டர் சீட்டுல 'ஃபீவர் வித் ரிகர்'னு எழுதியிருந்தா, உடம்பு உதறி எடுக்கிற குளிர்க்காய்ச்சல்னு அர்த்தம். கோர்ட் செய்தியில வர்ற 'ரிகரஸ் இம்ப்ரிஸன்மென்ட்'டை நாம 'கடுங்காவல் தண்டனை'ன்னு சொல்றோம். அதே 'ரிகரஸ்', ஒரு ஆராய்ச்சியைப் பத்திப் பேசும்போது வந்தா பாராட்டு: ஓட்டை விடாம, கறாரா செஞ்ச வேலைன்னு அர்த்தம்.

ஒரே வேர்ச்சொல்தான். ஒரு இடத்துல நோய், ஒரு இடத்துல தண்டனை, ஒரு இடத்துல மெடல். இடம் தெரியாம இந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

தமிழ்லயும் நாம ஒரு சொல்லை வெச்சு ஓட்டுறதில்லை. சட்டை காலர் மொடமொடன்னு நிக்குது. கழுத்து பிடிச்சுக்கிச்சு. கை மரத்துப்போச்சு. மாவு கெட்டியாயிருச்சு. கடைக்காரர் கறாரான ஆளு. மச்சான் முறுக்கிக்கிட்டுப் போயிட்டான். வாத்தியார் கண்டிப்பு. பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கிறான். இத்தனைக்கும் சேர்த்து 'ரிஜிட்'னு ஒரே முத்திரையைக் குத்தும்போதுதான் குழப்பம் வருது.

திருச்சுழியில பிறந்த பையனும் விறைத்த உடம்பும்

இந்த வார்த்தைக்கும் எங்க வட்டாரத்துக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கு. 1879 டிசம்பர் 30-ம் தேதி திருச்சுழியில வேங்கடராமன்னு ஒரு பையன் பிறந்தார். பின்னாள்ல உலகம் அவரை ரமண மகரிஷின்னு கூப்பிட்டுச்சு. 1896-ம் வருஷம், ஜூலை மாசம். மதுரையில ஒரு வீட்டு மாடி அறை. அவருக்கு வயசு 16. உடம்புக்கு ஒண்ணும் இல்லை. ஆனா, 'நான் சாகப்போறேன்'கிற பயம் திடீர்னு பிடிச்சுக்கிச்சு. யாரையும் கூப்பிடாம, செத்தா என்னதான் ஆகும்னு பார்த்துடலாம்னு கை காலை நீட்டி, மூச்சை அடக்கி, பிணம் மாதிரி விறைப்பா படுத்துட்டார். உடம்பு விறைச்சுக் கிடந்தாலும் உள்ள 'நான்'கிற உணர்வு இருக்கேன்னு அவருக்குத் தோணினதா சொல்லியிருக்கார். கொஞ்ச நாள்ல வீட்டை விட்டுக் கிளம்பி, அந்த வருஷம் செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். அவருடைய ஆன்மிகத்தை நீங்க ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் உங்க விருப்பம். அந்தச் சம்பவத்தை ஆங்கிலத்துல எழுதினவங்க, அவர் படுத்துக்கிடந்த கோலத்தைச் சொல்ல எடுத்துக்கிட்ட சொல் 'ரிகர் மார்ட்டிஸ்'. நம்ம வார்த்தையோட அண்ணன்.

ரிகர் மார்ட்டிஸ்னா இறந்த பிறகு உடம்பு விறைக்கிறது. இறந்து சில மணி நேரத்துல கண்ணிமை, தாடை மாதிரி சின்னத் தசைகள்ல ஆரம்பிக்கும். சுமார் 12 மணி நேரத்துல உடம்பு முழுக்கப் பரவும். அப்புறம் ஒண்ணு, ஒண்ணரை நாள்ல தானே தளர்ந்துடும். நம்ம ஊர் வெயிலுக்கு இது இன்னும் சீக்கிரமா வந்து சீக்கிரமா போகும். கிராமத்துல உயிர் பிரிஞ்ச உடனே பெரியவங்க கண்ணை மூடி, நாடிக்கட்டு கட்டி, கால் பெருவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டுவாங்க. உடம்பு விறைச்ச பிறகு இதையெல்லாம் செய்ய முடியாதுன்னு அனுபவத்துல தெரிஞ்சவங்க அவங்க.

ஏன் விறைக்குது? இதுதான் என்னை ஆச்சர்யப்படுத்தின விஷயம். தசைக்குள்ள ரெண்டு வகை இழைகள் ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இழுக்கிறப்போதான் தசை சுருங்குது. பிடிச்ச பிடியை விடணும்னா ஏ.டி.பி-ங்கிற சக்தி மூலக்கூறு வேணும். உயிர் போன பிறகு அது தயாராகறதில்லை. அதனால, பிடிச்ச பிடி அப்படியே பூட்டிக்குது. நாம என்ன நினைக்கிறோம்? இறுக்கிப் பிடிக்கத்தான் தெம்பு வேணும், விடுறது சும்மா நடக்கும்னு. தசைக் கணக்கு அப்படி இல்லை. விடுறதுக்கும் சக்தி வேணும்.

வேலை முடிஞ்சு களைச்சுப்போய் வந்த ராத்திரியில சின்ன விஷயத்துக்குக்கூட நீங்க இறங்கி வராம சண்டை போட்டிருப்பீங்க. காலையில யோசிச்சா, 'இதுக்கா இவ்வளவு?'ன்னு இருக்கும். அது தசை விறைக்கிற அதே விஷயம்னு நான் சொல்லலை. ஆனா, சக்தி தீர்ந்த மனுஷன்கிட்ட வளைஞ்சு குடுன்னு கேட்கிறது எவ்வளவு கஷ்டம்னு புரியும்.

உயிரோட இருக்கும்போதே விறைச்சா?

இந்தப் பகுதியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டுவிடுங்க.

* காலையில எழுந்ததும் மூட்டு பிடிச்சுக்கிட்டு, கொஞ்சம் நடந்ததும் சரியாகறது தேய்மானத்துல பொதுவா நடக்கும். ஆனா, விரல் மூட்டு, மணிக்கட்டு வீங்கி, அந்தப் பிடிப்பு அரை மணி நேரத்துக்கு மேலயும் நீடிச்சா, முடக்குவாதமா இருக்கலாம். 'வயசாயிருச்சு'ன்னு விடாம டாக்டர்கிட்ட காட்டணும்.

* காய்ச்சல், கடுமையான தலைவலியோட கழுத்தும் விறைச்சு, தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவர முடியலைன்னா, மூளைக்காய்ச்சலா இருக்கலாம். தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்காம உடனே ஆஸ்பத்திரி போகணும்.

* காயம் பட்டு சில நாள்ல வாயைத் திறக்க முடியாம தாடை இறுகினா, ரணஜன்னியா இருக்கலாம். இதுவும் அவசரம்தான். துருப்பிடிச்ச ஆணிதான் காரணம்னு நினைப்போம். உண்மையில் அந்தக் கிருமி மண்ணுலயும் சாணத்துலயும் இருக்கு. காட்டு வேலை பார்க்கிறவங்களுக்குத் தடுப்பூசி முக்கியம்.

* அப்பா, தாத்தாவுக்கு ஒரு பக்கத் தோள் இறுகி, நடக்கும்போது அந்தக் கை மட்டும் வீசாம இருந்தா, சட்டை பட்டன் போடவே ரொம்ப நேரம் எடுத்தா, பார்க்கின்சன் நோயோட ஆரம்பமாவும் இருக்கலாம். நடுக்கம் மட்டும்தான் அதுக்கு அறிகுறின்னு நினைச்சுடாதீங்க. டாக்டர்கள் 'ரிஜிடிட்டி'ன்னு குறிச்சு வைக்கிறது இந்த விறைப்பைத்தான்.

பாவுக்குக் கஞ்சி, ஊடைக்கு வேண்டாம்

விறைப்புன்னாலே கெட்டதா? அருப்புக்கோட்டையில ஒரு நெசவாளரைக் கேட்டா சிரிப்பாங்க. சேலை நெசவுக்குப் பேர்போன ஊர் அது. தறியில நீளவாக்குல இழுத்துக் கட்டியிருக்கிற நூல் பாவு. குறுக்கே நாடாவுல ஓடுறது ஊடை. பாவு நூலுக்குத்தான் பாடு அதிகம். எப்பவும் இழுவிசையில நிக்கணும், அச்சுல உரசணும், ஒவ்வொரு மிதிக்கும் மேல கீழே போய் வரணும். அதனால பாவுக்குக் கஞ்சி போட்டு, நூலை விறைப்பாக்கித் தறியில ஏத்துவாங்க. ஊடைக்கு அந்தத் தேவை இல்லை. அது மெத்துன்னு இருந்தாத்தான் ஓட வசதி.

கஞ்சி குறைஞ்சா நூல் பிசிறு தட்டி அறும். அதிகமானா மொடமொடத்து ஒடியும். நெய்து முடிச்ச துணியைத் தண்ணியில அலசினா கஞ்சி போயிரும். அந்த விறைப்பு வேலை நடக்கிற வரைக்கும்தான் தேவை. சேலையைக் கட்டிக்கப்போறவங்களுக்கு அது வேண்டாம்.

ரோட்டுக்கும் இந்தப் பேர் உண்டு

சிவில் இன்ஜினீயரிங் படிச்சவங்களுக்குத் தெரியும். தார் ரோட்டுக்கு 'ஃப்ளெக்ஸிபிள் பேவ்மென்ட்'னு பேர். காங்கிரீட் ரோட்டுக்கு 'ரிஜிட் பேவ்மென்ட்'. அடியில மண் லேசா இறங்கினா தாரும் கூடவே இறங்கிக்கும். காங்கிரீட் பலகை மாதிரி நின்னு பாரத்தைப் பரப்பித் தாங்கும். ஆனா, அந்த ரிஜிட் ரோட்டுலயும் சில மீட்டருக்கு ஒரு தடவை குறுக்கே ஒரு கோடு வெட்டியிருப்பாங்க, பார்த்திருக்கீங்களா? வெயிலுக்கு விரியவும் குளிருக்குச் சுருங்கவும் விட்ட இடம் அது. அந்த இடைவெளி விடலைன்னா காங்கிரீட் தானே கண்ட இடத்துல விரிசல் விட்டுக்கும்.

பிளஸ் ஒன் இயற்பியல்ல 'விறைப்புக் குணகம்'னு படிச்சது ஞாபகம் இருக்கா? ஒரு பொருளைப் பக்கவாட்டுல தள்ளினா உருக்குலையாம எவ்வளவு தாங்கும்னு சொல்ற அளவு. அங்கேயே இன்னொண்ணும் வரும். முழுக்க முழுக்க வளையாத பொருள்னு இயற்கையில எதுவுமே இல்லை. எஃகும் வைரமும்கூட போதுமான விசை கொடுத்தா துளியாவது உருமாறும். 'பெர்ஃபெக்ட்லி ரிஜிட் பாடி'ங்கிறது கணக்குப் போட வசதியா வெச்சுக்கிட்ட கற்பனை. எந்த மனுஷனையும் பார்த்து 'இவன் மாறவே மாட்டான்'னு சொல்றதுக்கு முன்னாடி இதை ஒருதரம் நினைச்சுக்கலாம்.

எங்க ஊர்ப்பக்கம் கரிசல் மண்ணு அதிகம். சித்திரை, வைகாசியில போய்ப் பாருங்க. பாளம் பாளமா வெடிச்சு, மண்கட்டி கல்லு மாதிரி கிடக்கும். வெறுங்கால்ல நடந்தா குத்தும். 'என்ன மண்ணுடா இது'ன்னு இருக்கும். ஐப்பசி மழையில அதே இடத்துக்குப் போனா செருப்பு மண்ணுக்குள்ள மாட்டிக்கும், அவ்வளவு இளக்கம். காரணம் அதுல இருக்கிற மாண்ட்மோரில்லோனைட்டுங்கிற களிமண் வகை. அடுக்கடுக்கா இருக்கிற அதோட தகடுகளுக்கு நடுவுல தண்ணி புகுந்தா உப்பும். காய்ஞ்சா சுருங்கி வெடிக்கும். அந்த வெடிப்புக்குள்ள மேல்மண் உதிர்ந்து விழுந்து, மழைக்கு மறுபடி மூடிக்கும். தன்னைத் தானே உழுதுக்கிற மண்ணுன்னு இதைச் சொல்றது அதனாலதான்.

கரிசல்ல வீடு கட்டினவங்களுக்கு இது நல்லாத் தெரியும். அஸ்திவாரம் ஆழம் பத்தலைன்னா, உப்பிச் சுருங்குற மண்ணு மேல அசையாம நிக்கப் பார்த்த சுவர்தான் விரிசல் விடும். இந்த மண்ணுக்காகவே, அடியில குமிழ் மாதிரி அகலமா வர்ற 'அண்டர்-ரீம்டு பைல்' அஸ்திவார முறையை ரூர்க்கியில இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிச்சு. மண்ணு அசையற மேல்பகுதியைத் தாண்டி, அசையாத ஆழத்துல போய்ப் பிடிச்சு நிக்கிற முறை அது.

சட்டப் புத்தகத்துல 'ரிஜிட்'

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்கு இது பழகின பகுதி. எளிதில் திருத்த முடியாத அரசியலமைப்புக்கு 'ரிஜிட்'னு பேர். அமெரிக்கா அதுக்கு உதாரணம். இருநூறு வருஷத்துக்கு மேல ஆகியும் 27 திருத்தங்கள்தான். பிரிட்டன் எதிர்ப்பக்கம், சாதாரணச் சட்டம் போடுற மாதிரியே மாத்திக்கலாம். இந்தியா ரெண்டும் கலந்தது. புது மாநிலம் உருவாக்க சாதாரணப் பெரும்பான்மை போதும். 368-வது பிரிவின்படி திருத்தணும்னா சிறப்புப் பெரும்பான்மை வேணும். சில விஷயங்களுக்கு அதுக்கும் மேல, பாதி மாநிலங்களாவது ஒப்புக்கணும்.

அந்தப் புத்தகம் வளைஞ்சு கொடுத்த முதல் தடவையில தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. 1950 ஜனவரி 26-ம் தேதி அரசியலமைப்பு அமலுக்கு வந்தது. கல்லூரி இடங்களைப் பிரிச்சுக் கொடுத்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாதுன்னு 1951-ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. இங்கே போராட்டம் வெடிச்சது. அதே வருஷம் ஜூன்ல வந்த முதல் திருத்தத்துல 15(4) பிரிவு சேர்ந்து, பிற்படுத்தப்பட்டவங்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழி கிடைச்சது. அமலுக்கு வந்து ஒன்றரை வருஷம்கூட முழுசா ஆகாத சட்டத்தைத் திருத்தினாங்க. அதே நேரம், நினைச்சவங்க நினைச்ச நேரத்துல மாத்த முடியாதபடி கதவையும் வெச்சிருந்தாங்க. எங்க படிச்சு வேலைக்குப் போன முதல் தலைமுறைப் பிள்ளைகள் பலருக்கும் அந்தத் திருத்தம் சொந்த விஷயம்.

ஒரே அர்த்தம் இல்லை பாஸ்!

ஆங்கிலத்துல பேசும்போதும் எழுதும்போதும் நாம குழப்பிக்கிற சொற்கள் இவை.

* ஸ்டிஃப்: வளையும், ஆனா சிரமப்பட்டு வளையும். கழுத்து ஸ்டிஃப். போட்டி கடுமையா இருந்தா 'ஸ்டிஃப் காம்பெட்டிஷன்'. ஆளுக்குச் சொன்னா, சகஜமா பழகாதவர்.

* ஸ்டிரிக்ட்: விதியை விடாம பிடிக்கிறவர். கண்டிப்பு. காரணம் சொன்னா கேட்டுக்கவும் செய்யலாம்.

* ஃபர்ம்: உறுதி. காது கொடுத்துக் கேட்பார், யோசிப்பார், அப்புறமும் 'இல்லை'ன்னா இல்லைதான். இது பாராட்டு.

* ஸ்டபர்ன்: பிடிவாதம், வீம்பு. தப்புன்னு தெரிஞ்சும் இறங்கி வராதவர்.

* ரிஜிட்: நிலைமை மாறினதைக் கவனிக்காம, பழைய மாதிரியே நிக்கிறவர்.

கடைசி ரெண்டுக்கும் நடுவுல ஒரு நுணுக்கம் இருக்கு. ஸ்டபர்ன் ஆளுக்கு மாற மனசு இல்லை. ரிஜிட் ஆளுக்கு மாற வழி தெரியலை. பல நேரம் பயம். ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மாதிரி சண்டை போட்டா, ரெண்டாவது ஆள் இன்னும் இறுகிடுவார்.

அப்போ அந்த மெயிலுக்கு என்ன பதில்?

அப்பா கேட்ட கேள்வியை நான் மேனேஜர்கிட்ட கேட்டேன். கொஞ்சம் பாலிஷா: "எந்த விஷயத்துலன்னு ரெண்டு உதாரணம் சொல்ல முடியுமா?"

சொன்னார். ஒண்ணு, ரிலீஸ் நேரத்துல ஓட்டிப் பார்க்காத டெஸ்ட்டை 'முடிஞ்சது'ன்னு குறிக்கச் சொன்னப்போ நான் மாட்டேன்னது. இன்னொண்ணு, டீமுக்குப் புதுசா வந்த தம்பி ரிப்போர்ட்டை வேற மாதிரி வைக்கலாம்னு காட்டினப்போ, நான் திறந்துகூடப் பார்க்காம, "இங்க எப்பவும் இப்படித்தான்"னு சொன்னது.

முதல் விஷயத்தைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்துச்சு. அது பாவு நூல். அங்கே கஞ்சி வேணும். "அதுல நான் மாற மாட்டேன் சார், அது ரிஜிட் இல்லை"ன்னு சொன்னேன். ரெண்டாவதைக் கேட்டதும் முகம் சுண்டிப்போச்சு. அந்தத் தம்பி அதுக்கப்புறம் என்கிட்ட எதுவுமே காட்டினதில்லைன்னு அப்பத்தான் உறைச்சது. மறுநாள் அவன் சீட்டுக்குப் போய், "அந்த ரிப்போர்ட்டை இன்னொரு தரம் காட்டுறியா?"ன்னு கேட்டேன். முழுசா ஏத்துக்கலை, பாதி ஏத்துக்கிட்டேன். அந்தப் பாதியே எங்க வேலையைச் சுலபமாக்கிடுச்சு.

உங்களை யாராவது ரிஜிட்னு சொன்னா, உடனே கோபப்படவும் வேண்டாம், உடனே மாறவும் வேண்டாம். மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. எந்த விஷயத்துல சொல்றாங்க? அதுல நான் வளைஞ்சா யாருக்காவது பாதிப்பு வருமா, இல்லை என் பழக்கம் மட்டும்தான் மாறுமா? நான் அந்த நேரத்துல நல்லாத் தூங்கி, சாப்பிட்டு இருந்தேனா? முதல் கேள்விக்கு அவங்களாலேயே பதில் சொல்ல முடியலைன்னா, அந்த வார்த்தையை அங்கேயே விட்டுட்டு வந்துடலாம்.

அடுத்த வாரம் ஊருக்குப் பேசினப்போ அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுட்டு, "அந்தத் தம்பிக்கு எந்த ஊராம்?"னு மட்டும் கேட்டார். நான் விசாரிக்கவே இல்லை. நாளைக்கு டீ குடிக்கிறப்போ கேட்கணும்.